முறிந்த முள்ளந்தண்டும் வைத்தியர் குட்மனும்

எகிப்தின் லக்சோர் நகரில் 1862ஆம் ஆண்டு எட்வின் சிமித் என்ற அமெரிக்கர் பழைய பப்பைரஸ் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். அது என்னவென்று உலகம் சரியாக அறிந்துகொள்ள மேலும் 68 ஆண்டுகள் சென்றன. 1930இல் ஜேம்ஸ் ஹென்றி பிறெஸ்ரெட் என்ற அறிஞர் அதனை மொழிபெயர்த்து வெளியிட்டபோதுதான், அது ஒரு சத்திரசிகிச்சை நூல் என்பது தெரியவந்தது. கி.மு. 1600 அளவில் பிரதி செய்யப்பட்ட அந்தச் சுருளின் மூலம் அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது என்பர். தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரும் 48 காயங்கள் அதில் விபரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு காயத்துக்கும் வைத்தியர் மூன்று தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்கிறார். ஒன்று, குணப்படுத்தலாம். இரண்டு, போராடிப் பார்க்கலாம். மூன்று, கைவைக்கத் தேவையில்லை.

31ஆவது நோயாளியின் கழுத்து முள்ளெலும்பு இடம்பெயர்ந்திருக்கிறது. தன் கைகளையும் கால்களையும் அவன் உணரவில்லை. சிறுநீர் தன்னை அறியாமல் சொட்டுகிறது. அவனுக்குக் கிடைத்தது மூன்றாவது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் மாற்றமின்றி நிலைத்து நின்றது. 1805ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, ட்ரபல்கர் கடற்சமரில் பிரித்தானியத் தளபதி நெல்சனின் தோளில் பாய்ந்த குண்டு முள்ளந்தண்டைத் துளைத்தது. மார்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போய்விட்டன என்று அவரே கப்பலின் வைத்தியர் பீற்றியிடம் கூறினார். இனிச் செய்வதற்கு எதுவுமில்லை என்பதை வைத்தியரும் அறிவார், நெல்சனும் அறிவார். சில மணித்தியாலங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. முதலாம் உலகப்போரில் முள்ளந்தண்டு வடம் சிதைந்த வீரர்களில் நூற்றுக்கு எண்பது பேர் முதற் சில வாரங்களிலேயே இறந்தனர் என்று அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் எழுதினார். 1945 டிசெம்பர் 9ஆம் திகதி ஜேர்மனியில் கார் விபத்தில் கழுத்து முறிந்த ஜெனரல் பற்றன், வெற்றிபெற்ற இராணுவம் ஒன்றின் முழு மருத்துவ பலமும் அருகில் இருந்தும், 12 நாட்களில் ஹைடல்பேர்க் நகர வைத்தியசாலையில் உயிர்நீத்தார்.

இவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது எது? முள்ளந்தண்டு முறிந்ததால் உயிர் போனது என்றுதான் பொதுவாக எண்ணத் தோன்றும். கழுத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களைப் பொறுத்தவரையில் அது உண்மையே. மூச்சுவிடுவதற்கான தசையை இயக்கும் நரம்புகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஆனால் அதற்குக் கீழே அடிபட்டவர்களின் கதை வேறு. சின்னிவிரல் பருமனும் ஒன்றரை அடி நீளமும் உள்ள அந்த வடம் அறுந்ததனால் அவர்கள் சாகவில்லை. அறுந்ததற்குப் பின்னர் நடந்தவற்றால்தான் செத்தார்கள்.

நாமெல்லாம் உறக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். ஓரிடத்தில் நெடுநேரம் அழுத்தம் இருந்தால் உடல் நோவு மூலம் அதை அறிவித்துவிடும். உணர்வு அற்றுப்போனவருக்கு அந்த அறிவித்தல் கிடைப்பதில்லை. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் தசைக்கு இரத்தம் செல்வது தடைப்படுகிறது. சில மணித்தியாலங்களில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு எலும்பு வெளியே தெரியும் அளவுக்குக் குழிவிழும். அந்தப் புண்ணின் வழியே கிருமி இரத்தத்தில் கலக்கும். மற்றொரு பக்கம், தானாக வெளியேற முடியாத சிறுநீர் பையில் தேங்கிக் கெட்டு, அந்த நஞ்சு சிறுநீரகம் வரை ஏறும். படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றுமே அந்த எண்பது வீதத்தினரின் பிரதான கொலையாளிகள். இரண்டும் தவிர்க்கக்கூடியவை.

இதில் என்னை வெகுநாள் சிந்திக்கவைத்த விடயம் ஒன்று உண்டு. அவை தவிர்க்கக்கூடியவை என்பது 1898ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. அக்காலத்தில் ஜேர்மனிக்குச் சொந்தமாயிருந்த, இன்று போலந்தில் உள்ள மேற்குச் சைலேசியா அல்ல, மேல் சைலேசியா என்ற நிலக்கரிப் பிரதேசத்தில் கேனிக்ஸ்ஹூற்றே என்றொரு நகரம். சுரங்கம் இடிந்து முதுகு முறிந்த தொழிலாளர்கள் அங்கு அடிக்கடி கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குச் சிகிச்சையளித்த வில்ஹெல்ம் வாக்னர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தம் உதவியாளர் ஸ்ரோல்பருடன் சேர்ந்து முள்ளந்தண்டுக் காயங்கள் பற்றிப் பெரியதொரு நூலை எழுதினார். தோலையும் சிறுநீர்ப்பையையும் எவ்வளவு கவனமாகப் பேணவேண்டும் என்பது அதில் விரிவாக உள்ளது. ஆனால் வாக்னர் பெற்ற அனுபவம் அவரோடு போயிற்று.

அதே நகரத்தின் சுரங்கத் தொழிலாளர் வைத்தியசாலையில், 1917ஆம் ஆண்டு, லுட்விக் குட்மன் என்ற பதினெட்டு வயது யூத இளைஞர் தொண்டராக வேலை செய்தார். முதுகு முறிந்த, திடகாத்திரமான இளந்தொழிலாளி ஒருவன் அங்கே கொண்டுவரப்பட்டான். குட்மன் அவனைப் பற்றிய விபரங்களைக் குறித்துக்கொள்ள முற்பட்டபோது, சில வாரங்களில் சாகப்போகிறவனுக்கு எதற்கு இதெல்லாம் என்ற கருத்துப்பட வைத்தியர் கூறினாராம். உடல் முழுவதும் வெள்ளைத் துணியாலான திரைகளால் மறைக்கப்பட்டு, மற்ற நோயாளிகளின் கண்ணில் படாதவாறு ஒதுக்கப்பட்ட அந்த இளைஞன், சொன்னபடியே சில வாரங்களில் இறந்துபோனான். அந்த முகத்தைத் தாம் மறக்கவில்லை என்று குட்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வாக்னரின் நூல் வெளிவந்து இருபது வருடங்கள்கூட ஆகவில்லை. அறிவு ஒன்று அச்சேறிவிட்டால் அது நிலைத்துவிடும் என்று நம்பும் எம்போன்ற எழுத்துத் தொழிலாளருக்கு இது கசப்பான செய்தி.

குட்மன் மருத்துவம் கற்று, பிறெஸ்லோ நகரில் ஒற்பிறிட் பேர்ஸ்ரர் என்ற பேர்பெற்ற நரம்பியல் நிபுணரின் உதவியாளரானார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத வைத்தியர்கள் பொது வைத்தியசாலைகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். குட்மன் அந்நகர யூத வைத்தியசாலைக்குச் சென்று, 1937இல் அதன் தலைமை வைத்தியரானார். 1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு யூத ஆலயங்கள் எரிக்கப்பட்டபோது, வாசலுக்கு வரும் எவரையும் கேள்வியின்றி உள்ளே அனுமதிக்கும்படி அவர் கட்டளையிட்டார். அறுபத்து நான்கு பேர் சேர்க்கப்பட்டனர். மறுநாள் இரகசியப் பொலிஸார் வந்து விளக்கம் கேட்டனர். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயைக் கற்பித்துச் சொன்னார். அறுபது பேர் தப்பினர்.

அடுத்து நடந்தது விந்தையானது. போர்த்துக்கல் சர்வாதிகாரி சலசாரின் நண்பர் ஒருவருக்கு நரம்பு நோய். அவரைப் பார்க்க குட்மன்தான் வரவேண்டும் என்று கேட்கப்பட்டதால், பறிக்கப்பட்டிருந்த கடவுச்சீட்டை நாஜி அரசே திருப்பிக் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பிவைத்தது. திரும்பும் வழியில் லண்டனில் தங்கிய அவர், அகதி அறிஞர்களுக்கு உதவும் சங்கத்தின் துணையை உறுதிசெய்துகொண்டு, 1939 மார்ச் மாதம் மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

ஒக்ஸ்போர்ட்டில் அவருக்குக் கிடைத்தது ஆய்வு வேலை. அங்கு நரம்பியல் சத்திரசிகிச்சைக்குத் தலைமை தாங்கியவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற அவுஸ்திரேலியர். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. அராபியாவின் லோரன்ஸ் என்று அறியப்பட்டவர் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஆறு நாட்களில் இறந்தபோது, அவரைப் பார்க்க அழைக்கப்பட்டவர்களில் கேர்ன்ஸும் ஒருவர். அந்த மரணத்துக்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராயத் தொடங்கினார். தலைக்கவசத்தின் பயனை நிறுவும் அவருடைய கட்டுரை 1941இல் வெளிவந்தது. அதே ஆண்டு இராணுவத் தூதுவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பிரித்தானியப் பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வர 1973 ஆயிற்று. அசையாமல் பிடிக்கப்பட்ட தலையைவிட அசையும் தலையே அடிபடும்போது இலகுவில் மூளை அதிர்ச்சிக்கு உள்ளாகிறது என்ற கண்டுபிடிப்பும் அதே ஒக்ஸ்போர்ட்டில், அதே 1941இல், டெனி பிறவுண், றிச்சி றசல் ஆகிய இருவரிடமிருந்து வந்தது. இன்று குத்துச்சண்டையிலும் றக்பியிலும் அடிபடும் வீரர்களின் மூளை பற்றி நடக்கும் விவாதங்களின் வேர் அங்கே இருக்கிறது.

1943ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஐரோப்பாவில் படையிறக்கம் நடக்கப்போகிறது என்பதால் முள்ளந்தண்டுக் காயக்காரர் பெருமளவில் வருவர் என்று பிரித்தானிய அரசு எதிர்பார்த்தது. அவர்களைப் பொறுப்பேற்க வேறு எவரும் ஆசைப்படவில்லை. ஓர் அகதி வைத்தியரிடம் அந்த வேலை வந்தது. தன் விருப்பப்படி நடத்த அனுமதி வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் குட்மன் அதனை ஏற்றார். 1944 பெப்ரவரி 1ஆம் திகதி, லண்டனுக்கு வடமேற்கே எயில்ஸ்பரி நகரை அடுத்த ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் அந்தப் பிரிவு ஒரேயொரு நோயாளியுடன் திறக்கப்பட்டது.

அவர் என்ன புது மருந்து கொண்டுவந்தார் என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நோயாளிகள் சாந்துக்கட்டுக்குள் அடைபட்டு வந்துசேர்ந்தார்கள். அவர் அதை உடைத்தெறிந்தார். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார். சிறுநீரைச் சுத்தமான முறையில் வெளியேற்ற வேண்டும் என்றார். இவ்வளவுதான். நள்ளிரவில் திடீரென்று வார்ட்டுக்குள் வந்து நின்று, புரட்டுகிறார்களா என்று தாமே பார்ப்பார். தாதியர் முணுமுணுத்தனர். அவர் முன்கோபி, பிடிவாதக்காரர். ஆயினும் நோயாளிகள் அவரைத் தந்தை என்ற பொருளில் ‘பொப்பா’ என்று அழைத்தனர். பென்சிலின் அதே காலத்தில் கிடைக்கத் தொடங்கியமை அவருக்குப் பெருந்துணை. பொஸ்டன் நகரில் டொனால்ட் மன்றோ என்ற வைத்தியர் அவருக்கு முன்னரே இதே பாதையில் சென்றுகொண்டிருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். முழுப் புகழையும் குட்மனுக்கே சூட்டும் கட்டுரைகள் மன்றோவை மறந்துவிடுகின்றன.

மன்றோவிடமிருந்து குட்மன் வேறுபடுவது விளையாட்டில். உயிர் பிழைத்தவன் கட்டிலில் சும்மா கிடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. தச்சுவேலை, மணிக்கூடு திருத்தல், தட்டச்சு என்று ஒவ்வொருவரையும் ஒரு தொழிலில் அமர்த்தினார். சக்கர நாற்காலியில் இருந்தபடி கைத்தடியால் போலோ ஆடவைத்தார். அது முரட்டு ஆட்டமாகிவிடவே வேறு ஆட்டங்களுக்கு மாறினார். 1948 ஜூலை 29ஆம் திகதி, வெம்பிளி மைதானத்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஒலிம்பிக் போட்டிகளைத் தொடக்கிவைத்த அதே நாளில், ஸ்டோக் மண்டெவில் புற்றரையில் முன்னாள் படையினரான 14 ஆண்களும் 2 பெண்களும் சக்கர நாற்காலியில் இருந்து அம்பெய்தார்கள். அந்த நாளைத் தெரிவுசெய்தது தற்செயல் அல்ல. 1952இல் நெதர்லாந்திலிருந்து ஓர் அணி வந்தது. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளின் 400 பேர் கூடினர். அதுவே முதலாவது பராலிம்பிக் என இன்று கணக்கிடப்படுகிறது. 1966இல் குட்மனுக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. 1980 மார்ச் 18ஆம் திகதி அவர் காலமானார்.

1972இல் அந்தப் போட்டிகள் ஜேர்மனியில், ஹைடல்பேர்க் நகரில் நடந்தன. ஜெனரல் பற்றன் படுத்த படுக்கையாய் இறந்த அதே நகரம். அங்கு 50 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்றவர் முரளிகாந்த் பெட்கர் என்ற இந்தியப் படைவீரர். 1965ஆம் ஆண்டுப் போரில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்து, அவற்றுள் ஒன்று முள்ளந்தண்டில் தங்கிய உடம்பு அவருடையது. பராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்க 2018 வரை காத்திருந்தது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016இல் உயரம் பாய்ந்து தங்கம் வென்றபோது கொண்டாடிய தமிழர்களில் எத்தனை பேர் பெட்கரின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார்களோ தெரியாது.

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றுக்கு வேறொரு கிளை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மேரி வர்கீஸ் என்ற கேரளப் பெண் வைத்தியர், 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயரான போல் பிராண்ட், தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்துவந்த காலம் அது. கைகளுக்கான சத்திரசிகிச்சையை இருந்துகொண்டே செய்யலாம் அல்லவா? மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றுச் செய்தார். பின்னர் நியூயோர்க் சென்று புனர்வாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்று, வேலூருக்குத் திரும்பி அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கு தொடங்கப்பட்ட புனர்வாழ்வு நிலையம் அவருடைய உழைப்பு. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணனும் இவ்வரிசையில் வருபவர். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தெரிவுக்கான உடற்பரீட்சையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர் அவர். சங்கத்தின் பெயரிலுள்ள ‘அமர்’, தமக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரிலிருந்து அவர் எடுத்தது.

இனி, அறுந்த வடத்தை மீண்டும் பொருத்த முடியுமா என்ற கேள்வி. முதிர்ந்த மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் எதுவும் மீண்டும் முளைப்பதில்லை என்று ஸ்பெயினின் நோபல் விஞ்ஞானி ரமோன் இ கஹால் 1928இல் முடிவுகட்டினார். அரை நூற்றாண்டு எவரும் அதை அசைக்கவில்லை. 1981இல் கனடாவில் ஆல்பேர்ட் அகுவாயோவும் சாம் டேவிட்டும், காலிலுள்ள நரம்பின் துண்டொன்றைப் பாலமாக வைத்தால் வடத்தின் நார்கள் அதற்குள் வளர்வதை எலிகளில் காட்டினர். வளர முடியாமை நாரின் குற்றமல்ல, சூழலின் குற்றம் என்று அப்போது தெரிந்தது.

1995 மே மாதம் சுப்பர்மான் நடிகர் கிறிஸ்டோபர் றீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்த செய்தி வந்தபோது நான் செய்தி மேசையில் இளம் உதவி ஆசிரியன். அதன்பின் இவ்விடயம் பற்றிய வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலை எப்படியோ என் பக்கமே வந்து சேர்ந்தது. ‘முடமானவர் நடப்பார்’ என்ற பொருளில் எத்தனை தலைப்புகள் போட்டிருப்போம்! 1990இல் பெரும் நம்பிக்கையூட்டிய ஸ்டீரொயிட் ஊசியை வழக்கமாகக் கொடுக்கவேண்டாம் என்று 2013இல் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வழிகாட்டி கூறிற்று. 2010இல் ஆரவாரமாகத் தொடங்கிய கருமுளைக் குருத்தணுப் பரிசோதனையை, அதை நடத்திய ஜெரோன் நிறுவனமே மறுவருடம் பணக் காரணத்தால் கைவிட்டது. றீவ் 2004இல் இறந்தார். இறப்பதற்கு முன் அவரை வாட்டியவற்றுள் படுக்கைப் புண் தொற்றும் ஒன்று. உலகின் மிகச் சிறந்த பராமரிப்பு கிடைத்த மனிதர் அவர்.

அண்மைக்காலச் செய்திகள் அவற்றைவிட உறுதியானவை. முறிவுக்குக் கீழேயுள்ள வடத்துக்கு மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் உறங்கிக்கிடக்கும் நரம்புகள் விழிக்கின்றன என்பதை 2011இல் அமெரிக்காவின் லூயிவில் ஆய்வாளர் காட்டினர். 2023 மே மாதம் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் கிறெகுவார் கோர்ட்டீன், ஜோசலின் புளொக் ஆகியோரின் குழு, மூளையின் கட்டளையைக் கம்பியின்றி வடத்துக்கு அனுப்பும் கருவியைப் பொருத்தி, துவிச்சக்கரவண்டி விபத்தில் 12 வருடங்களுக்கு முன் முடங்கிய நெதர்லாந்துக்காரர் ஒருவரைத் தாம் நினைத்தபடி நடக்கச் செய்தது. சத்திரசிகிச்சையின்றித் தோலின் மேலிருந்தே தூண்டி, கைகளின் செயலைக் கூட்டும் கருவி 60 பேரில் சோதிக்கப்பட்டது. அவர்களில் எழுபது வீதத்துக்கு மேற்பட்டோர் பயனடைந்தனர். 2024 டிசெம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. ஜப்பானில் மீளாக்கக் குருத்தணுக்கள் செலுத்தப்பட்ட நால்வரில் இருவர் முன்னேறினர் என 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நால்வர் என்பது சிறிய தொகை. ஆனாலும் கஹாலின் முடிவு இப்போது முடிவல்ல.

எமது நாட்டில் இக்காயம் வரும் வழிகளில் முக்கியமானது உயரத்திலிருந்து விழுதல். தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்தது போல என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பழமொழிக்குப் பின்னே எத்தனை சீவல் தொழிலாளரின் முதுகெலும்பு இருக்கிறது என்று யோசிப்பதில்லை. போர் அத்துடன் எறிகணைச் சிதறலையும் சேர்த்தது. 2009க்குப் பிறகு, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே கூடி மாங்குளத்தில் ‘உயிரிழை’ என்ற அமைப்பை உருவாக்கினர்.

சில வருடங்களுக்கு முன் வன்னியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். சிதறல் பட்டபோது மகனுக்குப் பத்தொன்பது வயது. தாய்க்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு மணிக்கூடு. வைத்தியசாலையை விட்டு வரும்போது தாதி ஒருவர் சொல்லிக்கொடுத்தபடி, இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது ஒலிக்கும், அவர் எழுந்து மகனைப் புரட்டுவார். அத்தனை வருடத்தில் ஒரு தடவைதான் புண் வந்ததாம், அதுவும் அவர் காய்ச்சலில் கிடந்த வாரத்தில். லோசான் செய்தியை நான் சொன்னேன். மகன் ஆர்வத்துடன் விபரம் கேட்டான். தாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அது வரட்டும். எனக்குப் பிறகு இவனை ஆர் தம்பி திரும்பிப் படுக்கவைக்கிறது?” என்றார்.

புலம்பெயர்ந்த உறவுகளும் ஊர்ச் சங்கங்களும் தாராளமாக உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அநேகமாக எல்லோரும் அனுப்புவது சக்கர நாற்காலி. கொடுக்கும்போது படம் எடுக்கலாம். அந்த வீட்டிலும் மேலதிகமாக இரண்டு நாற்காலிகள் பொலித்தீன் உறை கழற்றப்படாமல் சுவரோடு சாத்தியிருந்தன. சிறுநீர் எடுக்கும் கதீற்றர் முடிந்து மூன்று நாட்களாகியிருந்தன. பழையதையே அவித்துக் கழுவிப் பாவித்துக்கொண்டிருந்தார்கள்.